ஒரு கம்ப்யூட்டர், இரண்டு வியாதி

ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. முதல் மெனு வந்து பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பொட்டென்று எல்லாம் அணைந்தது. இரண்டு விநாடி கழித்துக் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து, ஒன்றும் நடக்காதது போல விண்டோஸுக்குள் போனது. மறுமுனையில் காத்திருந்த அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "என்ன சித்தி, ஆட ஆரம்பிக்கிறதுக்குள்ளயே அவுட்டா?"

அப்போது தொல்லை மூன்றாவது மாதத்தில் இருந்தது. அதற்குள் கிராஃபிக்ஸ் ட்ரைவரை (திரைக்குப் படம் வரையும் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நான்கு முறை மாற்றியிருந்தேன். விண்டோஸை ஒரு முறை முழுதாக அழித்துவிட்டு மறுபடி போட்டிருந்தேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தேன். எதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒன்றிரண்டு வேலைக்கு ஆகியிருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை. ஏனென்றால் என் கம்ப்யூட்டருக்கு ஒரே சமயத்தில் இரண்டு வியாதி.

தொழிலில் நான் கணக்கர். இருப்பாய்வு (பற்று, வரவு இரண்டின் மொத்தமும் ஒன்றா என்று பார்க்கும் பட்டியல்) பொருந்தவில்லை என்றால், உள்ளே இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கக்கூடும். ஒன்றைத் திருத்தினால் வித்தியாசம் மறையாது. வித்தியாசத்தின் தொகை மட்டும் மாறும். தொகை மாறியதைக் கவனிக்காமல் "இன்னும் பொருந்தவில்லையே" என்று சரியாகத் திருத்தியதையும் அழித்துவிடுவது கற்றுக்குட்டி செய்கிற வேலை. இருபது வருடம் கணக்கு பார்த்தவள், வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டேன்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

ஐந்து பத்தி போதும். தேதியும் நேரமும். எது ஓடிக்கொண்டிருந்தது. தொடங்கி எத்தனை நிமிடம் ஆனது. எப்படி விழுந்தது. கடைசியாக நான் எதை மாற்றினேன். "கிராஷ் ஆனது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. நாலாவது பத்தியான "எப்படி" என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஆட்டம் மட்டும் மூடிக்கொண்டு நீங்கள் டெஸ்க்டாப்பில் வந்து நின்றால், விண்டோஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆட்டத்தின் கோப்பு, ட்ரைவர், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஓவர்லே மென்பொருள், இவை எதுவும் இல்லையென்றால் ரேம் அல்லது செயலி (ப்ராசஸர்), இந்த வரிசையில் சந்தேகப்படலாம். நீலத்திரை வந்தால் (2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் அது கறுப்புத்திரை) விண்டோஸே மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் சாகிறது; அதில் ஒரு பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். திரை கறுத்து, விசிறிகள் முழு வேகத்தில் அலற, நண்பர்களின் குரல் மட்டும் இன்னும் காதில் கேட்டால், விரல் கிராஃபிக்ஸ் கார்டை நோக்கிப் போகிறது. படம் உறைந்து, சத்தம் "ர்ர்ர்" என்று ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் ரேம், செயலி, கிராஃபிக்ஸ் கார்டு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்; நல்ல சாட்சி இல்லை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொட்டென்று அணைந்தால், மின்சாரம் போய்ச் சேரும் பாதையைப் பாருங்கள், அல்லது சூட்டை.

நீலத்திரையும் பொட்டென்று அணைவதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ஒரு சிக்கல் உண்டு. நீலத்திரை வந்த வேகத்தில் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். முழுத்திரை ஆட்டத்தில் இருக்கும்போது அது கண்ணில் படாமலே போகலாம். அதனால் முதல் வேலையாக அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில், "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அதன்பின் நீலத்திரை வந்தால் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வாரத்தில் என் நோட்டில் 17 வரிகள் சேர்ந்தன. 11 முறை ஆட்டம் மட்டும் மூடி டெஸ்க்டாப். 6 முறை பொட். அந்தப் பதினொன்றும் நாற்பது நிமிடம் தாண்டிய பிறகு, வெவ்வேறு ஆட்டங்களில். அந்த ஆறும் முதல் பத்து நிமிடத்துக்குள், பெரும்பாலும் மெனுவிலோ லோடிங் திரையிலோ. இரண்டையும் சேர்த்து "அடிக்கடி கிராஷ்" என்று அழைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் மூன்று மாதத்தைத் தின்றது.

கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கும் கணக்கு

ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று ஒன்று வரும். நாள்வாரியாக ஒரு கட்டம், விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி. அதே நாளில் எந்த ட்ரைவர் ஏறியது, எந்த அப்டேட் வந்தது என்பதும் கீழே இருக்கும். "எப்போதிலிருந்து?" என்ற கேள்விக்கு நம் ஞாபகத்தைவிட இது நேர்மையான சாட்சி. எனக்குச் சிவப்புக் குறிகள் ஆரம்பித்த வாரம், நான் கூடுதல் ரேம் போட்ட வாரம். அதை அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். பொட்டென்று அணைந்தவர்கள் எல்லோரும் அங்கே "கெர்னல் பவர் 41" என்ற சிவப்பு வரியைப் பார்த்து, "பவர் என்று போட்டிருக்கிறது, ஆகவே எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். 41 சொல்வது இவ்வளவுதான்: போன தடவை நான் ஒழுங்காக மூடப்படவில்லை. கணக்கில் காரணம் தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போமே, 41 என்பது விண்டோஸின் அனாமத்துக் கணக்கு. ஆனால் அதன் டீட்டெய்ல்ஸ் தாளைத் திறந்தால் "பக்செக் கோட்" என்று ஒரு வரி இருக்கும். அதில் எண் இருந்தால் நீலத்திரை ஒன்று வந்து போயிருக்கிறது. அது பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்தது, அல்லது எல்லாம் உறைந்து நின்று நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தீர்கள். என் ஆறு வரிகளிலும் பூஜ்யம். நான் பட்டனைத் தொடவில்லை.

அதே சிஸ்டம் பட்டியலில் இன்னும் இரண்டு பேரைத் தேடுங்கள். "உவியா லாகர்" (WHEA-Logger) என்பது வன்பொருள் தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது. அதில் 18 என்றால் மீளமுடியாத பிழை. 17, 19 என்றால் பிழை வந்து சரிசெய்துகொண்டது. சரிசெய்துகொண்டதுதானே என்று விடாதீர்கள், தினமும் 19 வந்தால் செயலி ஏதோ முனகுகிறது. இன்னொருவர் 4101: டிஸ்ப்ளே ட்ரைவர் பதில் சொல்லாமல் நின்று, மீண்டும் எழுந்தது. கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் ட்ரைவரைப் பிடித்து உலுக்கும். அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) 10 ஆக்கச் சொல்லும் வைத்தியம் ஒன்று உலவுகிறது. நோயாளி மூர்ச்சையானதை எட்டு விநாடி தாமதமாகக் கவனிப்பதில் என்ன லாபம்?

டெஸ்க்டாப்புக்கு விழும் வகைக்கு, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் 1000 என்ற எண்ணுள்ள பிழைகளைப் பாருங்கள். "ஃபால்டிங் மாட்யூல்" என்று ஒரு கோப்பின் பெயர் இருக்கும். இந்த வரி எனக்குத் தங்கம். ஒவ்வொரு தடவையும் ஒரே கோப்பு என்றால் அந்த மென்பொருளிலோ ட்ரைவரிலோ குறை இருக்க வாய்ப்பு அதிகம். தடவைக்கொரு கோப்பு, ஆட்டத்துக்கொரு பெயர் என்று மாறிக்கொண்டே இருந்தால் குறை மென்பொருளுக்கு அடியில், பெரும்பாலும் ரேமிலோ செயலியிலோ. எனக்குப் பதினொரு விழுதலில் எட்டு வெவ்வேறு பெயர்கள்.

நீலத்திரை வருபவர்களுக்கு: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கோப்பு இருக்கும். நிர்சாஃப்டின் ப்ளூஸ்க்ரீன்வியூ அதைப் பட்டியலாகக் காட்டும். ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்டின் விண்டிபக். நீலத்திரையின் எண் 124 என்று முடிந்தால் வன்பொருள் பிழை, 116 என்றால் கிராஃபிக்ஸ், 1ஏ என்றால் நினைவகம். இவை சந்தேகப்பட வேண்டிய தெருவைத்தான் காட்டும், வீட்டு எண்ணை அல்ல.

முதலில் எல்லாவற்றையும் சாதாரணமாக்குங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், கழற்றுவதற்கு முன், இலவசமான இரண்டு சோதனைகள் இருக்கின்றன. எனக்கு வழிகாட்டியவை இவைதான்.

ஒன்று, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும், மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை அணைப்பது. ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு இது. ரேம் பெட்டியில் 3600 என்று அச்சடித்திருப்பார்கள். அது அந்த ரேம் ஓடக்கூடிய வேகம்; உங்கள் செயலியும் மதர்போர்டும் அதைத் தாங்கும் என்ற உத்தரவாதம் அல்ல. எக்ஸ்எம்பி போடுவதே ஓவர்கிளாக், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். "நான் எதையும் ஓவர்கிளாக் செய்யவில்லையே" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்திருப்பார்கள். அணைத்தால் டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேம் 2133, 2400, 2666 என்று ஏதோ ஒன்றுக்கு இறங்கும், அடுத்த தலைமுறையான டிடிஆர்5 பொதுவாக 4800-க்கு. ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டிலும் செயலியிலும் வோல்டேஜ் குறைப்பு, வேகக் கூட்டல் எதையாவது செய்திருந்தால் அதையும் பழையபடி ஆக்குங்கள். இரண்டு வருடம் நன்றாக ஓடிய அமைப்பாயிற்றே என்று விட்டுவைக்காதீர்கள்.

இரண்டு, கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் என்ற கம்பியை (திரையில் நகர்த்தும் ஸ்லைடர்) 70 சதவீதத்துக்கு இழுத்து, ஆட்டத்தின் ஃப்ரேம் எண்ணிக்கையை (விநாடிக்கு வரையும் படங்கள்) 60-க்குள் கட்டிப் போடுவது. கார்டு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இந்த மென்பொருள் பெரும்பாலும் வேலை செய்யும். கார்டு இழுக்கும் மின்சாரம் நன்றாகக் குறைந்துவிடும்.

இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். நான் பவர் லிமிட்டை மட்டும் இறக்கி ஆறு நாள் ஓட்டினேன். பொட் என்பது ஒரு முறைகூட வரவில்லை. டெஸ்க்டாப்புக்கு விழுவது மட்டும் வழக்கம்போல நான்கு முறை. பழைய நானாக இருந்திருந்தால் "இன்னும் கிராஷ் ஆகிறது, பயனில்லை" என்று கம்பியைத் திரும்ப 100-க்கு ஏற்றியிருப்பேன். நோட்டு இருந்ததால், தொகை மாறியது தெரிந்தது. அடுத்த வாரம் அதை அப்படியே வைத்துக்கொண்டு எக்ஸ்எம்பியை அணைத்தேன். இரண்டும் நின்றன. எங்கே தோண்ட வேண்டும் என்பது அதோடு தெரிந்துவிட்டது.

முதல் வியாதி: ரேம்

என்னிடம் 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. ஒரு வருடம் கழித்து அதே பெயர், அதே எண் கொண்ட இன்னொரு ஜோடி வாங்கி மாட்டினேன். பெட்டி ஒன்றுபோல இருக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் சில்லும் ஒன்று என்று அர்த்தமில்லை; தயாரிப்பாளர்கள் மாதிரி எண்ணை மாற்றாமல் சில்லை மாற்றுவது உண்டு. ஜோடியாக விற்பவை ஜோடியாகத்தான் சோதிக்கப்படுகின்றன. அப்புறம், நான்கு ரேம் என்பதே செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் சுமை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு இது: இரண்டு ரேம் என்றால் 5200 வரை, நான்கு போட்டால் 3600. இது தெரியாமல் நான்கு ரேம் போட்டு 6000-இல் ஓட்ட நினைப்பவர்கள் நிறைய.

சோதிக்க மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். இரண்டும் தனித்தனி மென்பொருள்கள், எதுவானாலும் சரி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும். விண்டோஸ் ஓடாமல் இருக்கும்போதுதான் முழு நினைவகத்தையும் தடவிப் பார்க்க முடியும். இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பது வசதி. மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். நான்கையும் ஓடவிடுங்கள். எனக்கு முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் இல்லை, மூன்றாவதில் இரண்டு பிழை. "கோடிக்கணக்கான எழுத்துகளில் இரண்டுதானே" என்றான் அக்கா மகன். அவன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனிடம் வங்கிக் கணக்கு கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். ரேம் சோதனையில் ஒரு பிழையும் அதிகம்.

பிறகு செய்ய வேண்டியது பொறுமையான வேலை. எக்ஸ்எம்பி அணைத்த நிலையிலும் பிழை வந்தால், பெரும்பாலும் ரேமே பழுது. ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிச் சோதித்து எது என்று கண்டுபிடிக்கலாம். தனித்தனியே எல்லாம் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால், ரேம் பழுதில்லை, சேர்க்கை சரியில்லை. என்னுடையது இந்த இரண்டாவது. வேகத்தை 3600-இலிருந்து 3200-க்கு இறக்கினேன், நான்கு சுற்றும் சுத்தம். இன்னொரு ராத்திரி மறுபடி ஓட்டினேன், அப்போதும் சுத்தம். ஆட்டத்தில் அந்த வித்தியாசம் எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டே ரேம் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் பார்க்கலாம். நான்கு துளை உள்ள போர்டில் பெரும்பாலும் செயலிப் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். அடுத்தடுத்து மாட்டி வைத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். மதர்போர்டு கையேட்டில் படமே இருக்கும். டிடிஆர்5 போர்டில் ரேமை மாற்றியதும் முதல் தடவை திரை வராமல் சில நிமிடங்கள்கூட எடுக்கலாம். அது நினைவகத்தைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மெம்டெஸ்ட் பிழை காட்டினால் அது உறுதி, பிழை காட்டாவிட்டால் ரேம் நிரபராதி என்று உறுதி இல்லை. எக்ஸ்எம்பி அணைத்தால் கிராஷ் நிற்கிறது என்றால், சோதனை என்ன சொன்னாலும் நான் ரேம் பக்கம்தான் நிற்பேன்.

இரண்டாவது வியாதி: ஒரே கேபிள், இரண்டு தலை

மெனுவில் ஏன் அணைய வேண்டும்? அங்கே ஒன்றும் நடக்கவில்லையே. இதுதான் என்னை மிகவும் குழப்பிய கேள்வி. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் காரணம். வரைய எளிதான காட்சி, ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கார்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களை வரைந்து தள்ளுகிறது. சில கார்டுகளில் மெனுவில் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? லோடிங் திரை முடிந்து காட்சி திறக்கும் நொடியிலும் இழுப்பு திடீரென்று ஏறும். கிராஃபிக்ஸ் கார்டு சராசரியாக 300 வாட் இழுத்தாலும், மில்லி விநாடிக் கணக்கில் அதைவிட வெகுவாக எகிறும். பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்பு அந்த எகிறலை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துச் சட்டென்று மூடிவிடலாம். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, கணநேரத்துக்கு இரண்டு மடங்கு வரை எகிறினாலும் பவர் சப்ளை தாங்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்கு முந்தைய சப்ளைகளில் சில தாங்கும், சில தாங்காது. பெட்டியில் உள்ள வாட் எண் மட்டும் இதைச் சொல்லாது.

என் கார்டில் எட்டு ஊசித் துளை இரண்டு. கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்தவர், ஒரே கேபிளின் நுனியில் இருந்த இரண்டு தலைகளையும் இரண்டு துளையிலும் செருகியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. விதிப்படி ஒரு எட்டு ஊசித் தலைக்கு 150 வாட், மதர்போர்டுத் துளை வழியாக 75 வாட். தலை இரண்டானாலும் பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான். இரண்டு பேருக்கான சுமையை ஒருவர் தூக்குகிறார். பெட்டியைத் தேடி, பவர் சப்ளையுடன் வந்த இன்னொரு கேபிளை எடுத்து, துளைக்கொரு கேபிளாக மாட்டினேன். வேலை பத்து நிமிடம். பவர் லிமிட்டை 100-க்கு ஏற்றி அந்த மெனுவைத் திறந்து அரை மணி நேரம் அப்படியே விட்டேன். அசையவில்லை.

கேபிளைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. வேறு பவர் சப்ளையுடன் வந்த கேபிளை எடுத்து மாட்டவே மாட்டாதீர்கள். கார்டு பக்கம் ஒன்றுபோல இருந்தாலும், பவர் சப்ளை பக்கத்தின் ஊசி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாதிரிக்கு மாதிரி மாறும். செருகும்போது கச்சிதமாக உட்காரும், சுவிட்சைப் போட்டதும் ஏதாவது எரியும். பவர் சப்ளையைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். புதிய கார்டுகளில் வரும் 16 ஊசித் தலை என்றால், அது இடைவெளி இல்லாமல் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, தலைக்கு அருகிலேயே கேபிள் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாகச் செருகியவை உருகியிருக்கின்றன.

கேபிள் சரியாக இருந்தும் அணைந்தால், சுவர்வரை பின்னால் போங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதன் வாட் கணக்கு என்ன என்று படியுங்கள். விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண் வேறு, வாட் வேறு, வாட் எப்போதும் அதைவிட அதிகமாக இருக்காது. வேலை நேரத்தில் தாங்கும் யுபிஎஸ், ஆட்ட நேரத்தில் சுமை தாங்காமல் கையை விரிக்கலாம். இதையெல்லாம் கடந்தும் பொட் என்றால், நண்பரிடம் இருக்கும் நல்ல பவர் சப்ளையை, அதன் சொந்தக் கேபிள்களுடன், ஒரு நாள் கடன் வாங்கிச் சோதிப்பது எல்லா மென்பொருளையும்விட நல்ல சோதனை.

மற்றவை

உங்களுக்கு என் வியாதிகள் இல்லாமல் இருக்கலாம். டெஸ்க்டாப்புக்கு விழுவது ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் என்றால் ரேம், பவர் என்று ஓடாதீர்கள். ஆட்டங்களை வாங்கி இறக்கும் ஸ்டீமில் அந்த ஆட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளைச் சரிபார்க்கும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஓவர்லேக்களை எல்லாம் அணையுங்கள்: அரட்டை, ஃப்ரேம் எண்ணுவது, திரையைப் பதிவு செய்வது, அப்புறம் ரேமிலும் விசிறியிலும் வண்ண விளக்கு எரியவைக்கும் மென்பொருள். கடைசியாகச் சொன்ன வகை மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. விளக்கு எரிய எதற்கு இத்தனை ஆழத்தில் ட்ரைவர்? பேஜிங் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்து வைத்திருந்தால், மறுபடி விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். ரேம் நிறைய இருக்கிறதே என்று அதை அணைப்பவர்களின் ஆட்டங்கள் நினைவகம் போதவில்லை என்று சொல்லிச் சாகும். சி டிரைவில் இடமும் விட்டு வையுங்கள்.

ட்ரைவரைச் சந்தேகித்தால் ஒருமுறை ஒழுங்காகச் செய்யுங்கள். டிடியூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டாலரையும், போடப் போகும் ட்ரைவரையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் நடுவில் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு ட்ரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் நிலை) போய் டிடியூவை ஓட்டி, திரும்பி வந்து புதிதாகப் போடுங்கள். சமீபத்தியதுதான் சிறந்தது என்று இல்லை. சிவப்புக் குறி தொடங்கிய தேதிக்கு முந்தைய ட்ரைவரைப் போடுங்கள். இதையே வாராவாரம் சடங்குபோலச் செய்தேன் நான். நான்காவது தடவை எதுவும் புதிதாகத் தெரியப்போவதில்லை.

அப்புறம், ஷட்டவுன் செய்து திறப்பதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட்டவுனில் விண்டோஸின் மையப்பகுதி தூங்கப் போகிறது, முழுதாகச் சாவதில்லை. எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு சோதியுங்கள்.

சூடு பற்றிப் பலரும் முதலில் பேசுவார்கள். இன்றைய செயலிகளும் கார்டுகளும் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். ஆட்டம் திக்கும், விழாது. ரைசன் 7000 செயலிகளில் பல 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, இன்டெலின் பலவற்றுக்கு எல்லை 100. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சென்சார் எண்களை விநாடிவாரியாகக் கோப்பில் எழுதச் சொல்லும் வசதி உண்டு. விழுந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே 75 டிகிரி என்று இருந்தால் சூட்டை மறந்துவிடலாம். எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தூசி, நின்றுபோன விசிறி, தண்ணீர்க் குளிரூட்டியின் பம்ப். தூசி ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பல, அதிக வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலையக்கூடியவை என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டில் வருகிறது. 2024 செப்டம்பர் இறுதிக்குப் பிறகு வந்த பயாஸைப் போடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன செயலியை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். இதன் வேடிக்கையான அறிகுறி என்னவென்றால், அன்ரியல் எஞ்சின் என்ற ஆட்டத் தயாரிப்பு மென்பொருளில் செய்த ஆட்டங்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடும். கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும். பாவம், கார்டை மாற்றியவர்கள் உண்டு. பயாஸ் அப்டேட் செய்த பிறகு எக்ஸ்எம்பி உள்பட எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போகலாம், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

டிஸ்க்கை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். "குட்" என்றால் நகருங்கள். மஞ்சளில் "காஷன்" என்றால் கிராஷை விடுங்கள், முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்போது சொல்வது

இரண்டு நாள் விழவில்லை என்றதும் கொண்டாடாதீர்கள். நோட்டில் இரண்டு விழுதலுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளியைப் பாருங்கள். எனக்கு அது நான்கு நாள். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது பன்னிரண்டு நாள், வழக்கமாக ஆடும் நேரம் ஆடி, ஒன்றும் விழாமல் இருந்தால்தான் வரியை அடித்து மூடுவேன் என்று வைத்துக்கொண்டேன். இது என் சொந்த விதி, விஞ்ஞானம் இல்லை.

பொருளைக் கடைக்கு உத்தரவாதத்தில் எடுத்துப் போக வேண்டிய நிலை வந்தால் நோட்டையும் எடுத்துப் போங்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று சொன்னால் அவர்கள் மேஜையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பித் தருவார்கள். "இந்த ரேமைத் தனியாக மாட்டி, எக்ஸ்எம்பி அணைத்து, மெம்டெஸ்டில் இரண்டாவது சுற்றில் பிழை, இதோ திரையின் படம்" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பன்னிரண்டாம் நாள் இரவு அக்கா மகனோடு நான்கு மணி நேரம் தொடர்ந்து ஆடினேன். கடைசியில் ஆட்டம் மூடிக்கொண்டது அவன் பக்கம். "சித்தி, என்னோடது கிராஷ் ஆயிடுச்சு" என்றான். எப்படி விழுந்தது என்று கேட்டேன். "எப்படின்னா? கிராஷ்தான்" என்றான். ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன்.